போல்ட் மூட்டு உள்ள மோட்டார் பிராக்கெட்டுக்கு அதிர்வு மாடல் போடுவது எப்படி

60 கிலோ எடையுள்ள, 1440 ஆர்.பி.எம். வேகத்தில் ஓடும் 5.5 கிலோவாட் மோட்டார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 10 மி.மீ. தகட்டில் வெல்டிங் செய்த பிராக்கெட்டில் அது உட்கார்ந்திருக்கிறது. நான்கு எம்12 போல்ட்டுகள் பிராக்கெட்டை இன்னொரு 10 மி.மீ. தகட்டோடு, அதாவது ஸ்டீல் தூணின் முகத்தோடு பிடிக்கின்றன. இந்த அமைப்பை ஃபைனைட் எலிமென்டில் (பொருளைச் சிறு துண்டுகளாகப் பிரித்துக் கணக்கிடும் முறையில்) கணக்கிட்டால் தகட்டுப் பகுதி பெரும்பாலும் சரியாகவே வரும். விடை பிசகுவது மூட்டில்தான்.

முதலில் எந்த அதிர்வெண் வரை பார்க்க வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். சுழற்சி 24 ஹெர்ட்ஸ், அலைன்மென்ட் பிசகினால் 48, 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் காந்த விசை 100. ஆகவே 200 ஹெர்ட்ஸ் வரையுள்ள மோடுகளை (அமைப்பு இயல்பாக அதிரும் வடிவங்களை) எடுத்தால் போதும்.

அலகுகளில் பலர் சறுக்குவார்கள். மி.மீ., நியூட்டன், விநாடி என்று வேலை செய்தால் நிறை டன்னில் இருக்க வேண்டும்: ஸ்டீலின் அடர்த்தி 7.85×10⁻⁹, மீள்மை 210000. அடர்த்தியைக் கிலோவில் 7.85×10⁻⁶ என்று போட்டால் நிறை ஆயிரம் மடங்காகி, அதிர்வெண் சுமார் 32 மடங்கு குறைந்துவிடும். விடை 1 ஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில் வந்தால் முதலில் இதைப் பாருங்கள்.

தகடுகளுக்கு 10 மி.மீ. அளவில் ஷெல் எலிமென்ட் (மெல்லிய தகட்டுத் துண்டு) போதும். போல்ட்டைச் சுற்றியுள்ள பகுதிக்கு மட்டும் சாலிட் (முப்பரிமாணத் துண்டு) வையுங்கள்: இருபடி எலிமென்ட் (விளிம்பின் நடுவிலும் முனை உள்ளது), தடிமனில் இரண்டு அடுக்கு, துளையைச் சுற்றி குறைந்தது 16. நான்கு முனை டெட்ரா (நான்முகத் துண்டு) வேண்டவே வேண்டாம். வளைவில் அது பொய்யான விறைப்பைக் காட்டும். மெஷ்ஷை (துண்டுகளின் வலையை) நெருக்கினாலும் மெதுவாகத்தான் சரியாகும்.

மோட்டாரை வரைய வேண்டியதில்லை. ஒரு புள்ளி நிறையாக, சுழல் நிலைமத்தையும் கொடுத்து, ஷாஃப்ட் மையத்தில் வையுங்கள். 132 ஃபிரேம் (மோட்டாரின் அளவு எண்) என்றால் காலிலிருந்து 132 மி.மீ. உயரம். தகட்டு மட்டத்திலேயே நிறையை வைத்தால் ஆடும் மோடின் அதிர்வெண் உண்மையைவிட அதிகமாக வரும். நான்கு கால் துளைகளையும் ஒரே இறுக்கமான இணைப்பால் கட்டினால் தகடு வளையவே முடியாது. மோட்டார் உடல் உண்மையில் அவ்வளவு விறைப்பா என்று யோசித்துவிட்டுச் செய்யுங்கள். சந்தேகம் இருந்தால் சுமையைப் பகிரும் இணைப்பிலும் ஒரு முறை ஓட்டி, இரண்டையும் ஒப்பிடுங்கள்.

இனி மூட்டு. மாடலில் இரு தகடுகளின் முகம் முழுவதையும் ஒட்டிவிடுவது எளிது. ஆனால் போல்ட்டின் அழுத்தம் தலையிலிருந்து கூம்பாக விரிந்து, துளையைச் சுற்றி ஒரு வட்டத்தில்தான் தகடுகளை உண்மையில் அழுத்துகிறது. அரைக்கோணம் 30 டிகிரி என்று கொண்டால், எம்12 தலையின் உட்காரும் விட்டம் சுமார் 17 மி.மீ.; 10 மி.மீ. தகட்டைக் கடந்ததும் 17 + 2×10×0.577, கிட்டத்தட்ட 28.5 மி.மீ. அந்த வட்டத்துக்குள் மட்டும் ஒட்டுங்கள். மீதி முகத்தை விட்டுவிடுங்கள்.

பிறகு மூன்று முறை ஓட்டுங்கள்: 20 மி.மீ. வட்டம், 28.5 மி.மீ. வட்டம், முழு முகம். முதல் சில அதிர்வெண்கள் 5 சதவீதத்துக்குள் மாறினால் மூட்டைப் பற்றி மேலும் கவலைப்படத் தேவையில்லை. பெரிதாக மாறினால்தான் காண்டாக்ட் (முகங்கள் தொடுவதையும் விலகுவதையும் கணக்கிடுவது), பிரீலோட் (முறுக்கும்போது போல்ட்டில் ஏறும் இழுவிசை) என்று இறங்க வேண்டும். இந்தச் சோதனையைச் செய்யாமலே காண்டாக்ட் மாடலில் நாட்களைச் செலவழிப்பது வீண் வேலை.

இறங்க வேண்டியிருந்தால் எண்கள் இவை. 8.8 தர எம்12 போல்ட்டின் இழுவிசைப் பரப்பு 84.3 சதுர மி.மீ., புரூஃப் லோட் (நிரந்தரமாக நீளாமல் தாங்கும் சுமை) 48.9 கிலோநியூட்டன். அதில் 75 சதவீதம் பிரீலோட்: 36.7. உலர்ந்த மரைக்கு டார்க் (முறுக்குவிசை) காரணி 0.2 என்றால் சுமார் 88 நியூட்டன் மீட்டர். டார்க் ரெஞ்சால் முறுக்கும்போது பிரீலோட் 25 முதல் 30 சதவீதம் வரை ஏறி இறங்கும். அதனால் 26 கிலோநியூட்டனிலும் ஒரு முறை ஓட்டுங்கள். மாடலில் முதல் ஸ்டெப்பில் (கணக்கின் முதல் கட்டத்தில்) சிறிய விசை கொடுத்துக் காண்டாக்டைப் பிடிக்க வையுங்கள். இரண்டாவதில் முழு பிரீலோட். மூன்றாவதில் போல்ட்டின் நீளத்தைப் பூட்டுங்கள். பூட்ட மறந்தால் சுமை மாறினாலும் போல்ட் விசை மாறாமல் நிற்கும். மூட்டின் விறைப்பே தப்பாகிவிடும். அதன் பின் வரும் மோடல் ஸ்டெப் (மோடுகளைத் தேடும் கட்டம்) நேரியல். கடைசி ஸ்டெப்பில் மூடியிருந்த இடம் மூடியே இருக்கும். உராய்வைப் பூஜ்யமாக விட்டிருந்தால் மூட்டு பக்கவாட்டில் வழுக்கும். இல்லாத மோடுகள் முளைக்கும்.

விசையையும் கையால் கணக்கிட்டுப் பாருங்கள். 20 கிலோ ரோட்டர், ஜி6.3 பேலன்ஸ் தரம் (நிறை மையம் விலகிச் சுழலும் வேகம் விநாடிக்கு 6.3 மி.மீ.): 20×0.0063×150.8, அதாவது 19 நியூட்டன். மோட்டாரின் எடை தூணிலிருந்து 300 மி.மீ. தள்ளி இருந்து, போல்ட் இடைவெளி 200 மி.மீ. என்றால் மேல் போல்ட் ஒவ்வொன்றுக்கும் இழுவிசை 450 நியூட்டனுக்குள். உராய்வு 0.15 என்றாலும் ஒரு போல்ட் 5.5 கிலோநியூட்டன் வரை வழுக்காமல் தாங்கும். ஆக, சாதாரண ஓட்டத்தில் மூட்டு முழுதாக வழுக்காது. வட்டத்தின் ஓரத்தில் மைக்ரான் அளவு நுண்வழுக்கல் மட்டுமே. அதைக் காண்டாக்டிலேயே பிடிக்க முயலாதீர்கள். அபாகஸ் என்ற ஃபைனைட் எலிமென்ட் மென்பொருளில் பெனால்டி உராய்வு (ஒட்டிய நிலையிலும் சிறிது நகரவிடும் முறை) இயல்பாக அனுமதிக்கும் மீள் வழுக்கல் காண்டாக்ட் எலிமென்ட் நீளத்தில் 0.005 மடங்கு, 2 மி.மீ. மெஷ்ஷில் அதுவே 10 மைக்ரான். உண்மையான நுண்வழுக்கலை அது விழுங்கிவிடும்.

எனவே டேம்பிங்கை (அதிர்வு தணியும் அளவை) நீங்கள்தான் கொடுக்க வேண்டும். அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையத்தின் 2007 வழிகாட்டி, வடிவமைப்புப் பெருநிலநடுக்கத்துக்கு உராய்வு போல்ட் இணைப்புள்ள ஸ்டீலுக்கு 4 சதவீதம் தருகிறது. அது பெரிய அசைவுக்கான எண். மோட்டாரின் சிறு அதிர்வுக்கு எடுத்தால் விடை ஆபத்தான அளவுக்கு அழகாக இருக்கும். சுத்தியல் சோதனை (தட்டி அதிர்வை அளப்பது) செய்யும்வரை 1 சதவீதம் வைத்துக்கொள்ளுங்கள். ரேலே டேம்பிங் (நிறையின் ஆல்ஃபா மடங்கும் விறைப்பின் பீட்டா மடங்கும் சேர்ந்த தணிப்பு) பயன்படுத்தினால் கவனம்: 30, 200 ஹெர்ட்ஸில் 2 சதவீதம் என்று பொருத்தினால் ஆல்ஃபா 6.56, பீட்டா 2.77×10⁻⁵ வரும். 77 ஹெர்ட்ஸில் அது 1.35 சதவீதமாக இறங்கும், 1000 ஹெர்ட்ஸில் 8.7 ஆக ஏறும்.

நிலையான ஓட்டத்துக்கு ஹார்மானிக் பகுப்பாய்வு (ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் நிலைத்த அதிர்வைக் கணக்கிடுவது) போதும். டிரான்சியன்ட்டில் (நேரத்தைச் சிறு சிறு அடியாக நகர்த்திக் கணக்கிடுவதில்) 1 சதவீத டேம்பிங்கோடு நிலைத்த அதிர்வை அடைய 48 சுழற்சிகள், 24 ஹெர்ட்ஸ் மோடுக்கு 2 விநாடி ஆகும், 0.5 மில்லிவிநாடி ஸ்டெப்பில் 4000 ஸ்டெப். பெல்ட் சிக்குதல், திடீர் ஸ்டார்ட் போன்றவற்றுக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

விடையைச் சரிபார்க்கத் தூணோடு உள்ள பிடிப்பை எடுத்துவிட்டு ஓட்டுங்கள்: முதல் ஆறு மோடு பூஜ்யத்தருகே வர வேண்டும். ஏழாவதும் பூஜ்யம் என்றால் ஏதோ ஒரு பாகம் ஒட்டாமல் தொங்குகிறது. மெஷ் எலிமென்ட்டின் அளவைப் பாதியாக்கினால் அதிர்வெண் 2 சதவீதத்துக்குமேல் மாறக் கூடாது. கடைசி விடையில் 19 முதல் 29 ஹெர்ட்ஸ் வரை (சுழற்சியின் 24 ஹெர்ட்ஸுக்கு இருபுறமும் சுமார் 20 சதவீதம்) மோடு எதுவும் இல்லாமல் இருப்பது நல்லது. சுத்தியல் சோதனையோடு ஒத்துப்போகவில்லை என்றால் மீள்மை எண்ணைத் திருத்தாதீர்கள், ஸ்டீல் 210000தான். ஒட்டிய வட்டத்தின் விட்டம், தூணின் அடிப்பிடிப்பு, இந்த இரண்டை மட்டும் மாற்றிப் பொருத்துங்கள்.