ஒளிச்சேர்க்கை விடைகளில் வழிதவறும் கார்பன்

சிங்கப்பூரில் உயர்நிலை மாணவர்களின் உயிரியல் விடைத்தாள்களைத் திருத்துவோருக்கு ஒரு வாக்கியம் மனப்பாடமாகியிருக்கும்: கரியமில வாயு இலைத்துளை வழியாக நுழைந்து பசுங்கணிகத்தை அடைகிறது. இலையின் செல்களுக்குள் ஒளிச்சேர்க்கை நடக்கும் பச்சை நுண்ணுறுப்புதான் பசுங்கணிகம். மதிப்பெண்ணும் கிடைத்துவிடும். ஆனால் அந்தப் பயணத்தின் கடினமான பகுதி முழுவதும் அதில் விடுபட்டுப்போகிறது.

இலைத்துளையைத் தாண்டிய வாயு, இலைக்குள் உள்ள காற்றிடைவெளியில்தான் நிற்கிறது. அங்கிருந்து செல்லின் ஈரமான சுவரில் அது கரைய வேண்டும். பிறகு செல்சவ்வு, சைட்டோபிளாசம், பசுங்கணிகத்தின் இரட்டைச் சவ்வு என வரிசையாகக் கடக்க வேண்டும். காற்றில் பரவுவதைவிட நீரில் கரியமில வாயு ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகப் பரவுகிறது. பசுங்கணிகங்கள் செல்லின் நடுவில் மிதக்காமல், காற்றிடைவெளியை ஒட்டிய சுவரோரமாக நெருக்கியடித்துக்கொண்டு இருப்பது இதனால்தான். இலையின் குறுக்குவெட்டை நுண்ணோக்கியில் ஒருமுறை பார்த்தவர், துளையிலிருந்து நேரே பசுங்கணிகத்துக்கு அம்புக்குறி போட மாட்டார்.

அடுத்த தவறு, கரைந்த கார்பன் எல்லாம் கரியமில வாயுவாகவே இருக்கும் என்று நினைப்பது. நீரில் அதன் ஒரு பங்கு பைகார்பனேட் அயனியாகிறது. எவ்வளவு என்பது நீரின் பிஎச் அளவைப் பொறுத்தது (எண் குறைந்தால் அமிலம், கூடினால் காரம்). நன்னீரில் 6.4 அளவில் இரண்டும் பாதிக்குப் பாதி. பிஎச் 8 ஆனால் கரியமில வாயு சுமார் 2 விழுக்காடுதான். வெளிச்சத்தில் பசுங்கணிகத்தின் உட்புறமும் இந்த 8-ஐ ஒட்டியே இருக்கும். அங்கே பைகார்பனேட் ஏராளம். ஒளிச்சேர்க்கையில் கார்பனைப் பிடிக்கும் ரூபிஸ்கோ நொதியோ அதைத் தொடுவதே இல்லை, கரியமில வாயுவை மட்டுமே பிடிக்கிறது. ஒன்றை மற்றொன்றாக நொடியில் மாற்றித் தருவது கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்னும் வேறொரு நொதி. சோளத்திலும் கரும்பிலும் முதலில் கார்பனைப் பிடிக்கும் பெப் கார்பாக்சிலேஸ் நொதி ரூபிஸ்கோவுக்கு நேர்மாறானது. அதற்கு பைகார்பனேட்தான் வேண்டும். ரூபிஸ்கோ, பெப் கார்பாக்சிலேஸ் இரண்டையும் ஒரே வரியில் அடைத்து, இரண்டும் கரியமில வாயுவைப் பிடிப்பவை என்று எழுதும் வழிகாட்டி நூல்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

கொஞ்சம் கூடுதலாகப் படிப்பவர்களிடம் வேறொரு கோளாறு உண்டு. நீலப்பச்சைப் பாசி ஆற்றலைச் செலவழித்து பைகார்பனேட்டை உள்ளே இழுக்கிறது என்று படித்துவிட்டு, நெல்லுக்கும் கீரைக்கும் அதையே ஏற்றிவிடுவார்கள். நெல்லில் அப்படி ஓர் ஏற்பாடு இல்லை, வெறும் பரவல்தான்.

ஆய்வுக்கூடத்தில் ஹைட்ரில்லா என்னும் நீர்த்தாவரத்தை முகவையில் போட்டு, சோடியம் பைகார்பனேட் (சமையல் சோடா) சேர்த்துக் குமிழி எண்ணும் சோதனையில் குழப்பம் இன்னும் அதிகம். குமிழி சோடாவிலிருந்து வந்த கரியமில வாயு என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள். அதில் பெரும்பங்கு செடி வெளியிட்ட ஆக்சிஜன். சோடா சேர்ப்பதால் கரைந்த கரியமில வாயுவும் கூடுகிறது, பைகார்பனேட்டும் கூடுகிறது. ஹைட்ரில்லா இரண்டையும் பயன்படுத்தும். எல்லா நீர்த்தாவரங்களாலும் அது முடியாது. நீருக்கடியில் வளரும் மாஸ் (moss) என்னும் சிறு செடி வகைகள் பொதுவாகக் கரியமில வாயுவை மட்டுமே நம்பியிருப்பவை. மீன்தொட்டியில் மாஸ் வாடுகிறதே என்று சமையல் சோடாவைக் கொட்டுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: பிஎச் ஏறி மீன்கள்தான் திண்டாடும்.

சிங்கப்பூரின் புலாவ் உபின் தீவிலுள்ள செக் ஜாவா கடலோரத்தில் நீர் வற்றும்போது தெரியும் கடற்புல்லைப் பற்றிச் சொல்லும்போதும் இலைத்துளையைக் கொண்டுவந்துவிடுகிறார்கள். கடற்புல்லின் இலைகளில் இலைத்துளையே கிடையாது. பிஎச் 8-ஐத் தாண்டும் கடல்நீரில் கரைந்துள்ள கனிமக் கார்பனில் ஏறத்தாழ 90 விழுக்காடு பைகார்பனேட். கரியமில வாயு 1 விழுக்காடுகூட இல்லை. ஆகவே பல கடற்புற்கள் இலைப்பரப்பை ஒட்டிய நீரை அமிலமாக்கி, அங்கேயே பைகார்பனேட்டைக் கரியமில வாயுவாக மாற்றி உள்ளே எடுத்துக்கொள்கின்றன.

செடிகள் பகலில்தான் கரியமில வாயுவை எடுக்கும் என்பதும் பாதி உண்மைதான். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடித் தாழ்வாரத் தொட்டியில் வளரும் டிராகன் பழச்செடியும் அன்னாசியும் பெரும்பாலும் இரவில் துளையைத் திறந்து, கார்பனை மாலிக் அமிலமாகச் சேமித்து, பகலில் துளையை மூடிக்கொண்டு அதைச் செலவழிக்கின்றன. நம்பாதவர்கள் விடியற்காலையில் டிராகன் பழச்செடியின் தண்டிலிருந்து ஒரு துண்டை நசுக்கி பிஎச் தாளில் தொட்டுப் பார்க்கலாம். அன்று மாலை அதே தண்டிலிருந்து இன்னொரு துண்டை எடுத்தால், அதில் அமிலம் குறைந்திருக்கும்.