புரோஜெஸ்டிரோனும் தாதரைத் தவறவிட்ட காலையும்

புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் மாத்திரையை முதல் நாள் நான் காலையில் போட்டேன். இரவில் போடும்படிதான் டாக்டர் எழுதியிருந்தார். இரவென்றால் மறந்துவிடுவேன் என்று நானாகவே மாற்றிக்கொண்டேன். நான்கு இட்லிக்குப் பிறகு மாத்திரை, பிறகு மும்பையில் எங்கள் முலுண்டிலிருந்து ரயில். குர்லா வந்ததே தெரியாது. எதிரில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்த மராத்திப் பெண்மணி முழங்காலைத் தட்டி எழுப்பியபோது வண்டி பைகுல்லாவில் நின்றது. நான் இறங்க வேண்டியது தாதரில்.

எனக்கு 49 வயது. மாதவிடாய் நிற்கப்போகும் பருவம். தோலில் தடவும் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் ஜெல்லோடு, மாதத்தில் 12 நாள் 200 மில்லிகிராம் இயற்கை புரோஜெஸ்டிரோன். 'இயற்கை' என்ற சொல் எங்கள் வீட்டில் பெரிய குழப்பத்தை உண்டாக்கியது. "அப்படியானால் சேனைக்கிழங்கு சாப்பிட்டால் போதுமே அண்ணி" என்றாள் நாத்தனார். புரோஜெஸ்டிரோன் செய்ய உதவும் கிழங்கு வகையே இல்லை சேனை. காட்டு வள்ளிக்கிழங்கில் இருக்கும் ஒரு பொருளைக்கூட ஆய்வகத்தில்தான் புரோஜெஸ்டிரோனாக மாற்ற முடியும். நம் உடலால் முடியாது. நம் சினைப்பை சுரப்பதும் இந்த மாத்திரையில் இருப்பதும் ஒரே மூலக்கூறு என்பதுதான் அந்தச் சொல்லுக்குப் பொருள். பக்கவிளைவே இராது என்பதல்ல.

தூக்கத்துக்குக் காரணம் உண்டு. வாய்வழியே விழுங்கும் புரோஜெஸ்டிரோனில் ஒரு பகுதியை ஈரல் அலோபிரெக்னனோலோன் என்ற பொருளாக மாற்றுகிறது. தூக்க மாத்திரைகள் பலவும் வேலை செய்யும் அதே ஏற்பியில்தான், அதாவது செல்லில் மருந்து போய் ஒட்டும் இடத்தில்தான், மூளையில் இதுவும் வேலை செய்கிறது. வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகு போட்டால் மருந்து கூடுதலாக உடலில் ஏறும். என் இட்லி செய்த வேலை அது. ஆகவே பாத்திரம் துலக்கி, கதவைத் தாழிட்டு, படுக்கையில் உட்கார்ந்த பிறகு போடுங்கள். நடு இரவில் எழ நேர்ந்தால் கட்டில் விளிம்பில் சற்று உட்கார்ந்துவிட்டு நில்லுங்கள், தலை சுற்றும். மறுநாள் காலையிலும் மந்தமாக இருந்தால் ஸ்கூட்டரைத் தொடாதீர்கள். மதுவும் வேண்டாம்.

அடுத்து, சமையலறைக் காலண்டர். தேதிக் கட்டத்தில் ஒரே எழுத்து எழுதினேன்: தூக்கத்துக்கு 'தூ', மார்பு கனத்து வலித்தால் 'மா', வயிறு உப்பினால் 'வ', காரணமின்றி அழுகை வந்தால் 'அ'. தலைவலிக்கு எழுத்து வைக்கவில்லை, மும்பையில் அதற்குக் காரணத்துக்கா பஞ்சம்! மூன்றாம் மாதம் பார்த்தால் 'அ' எல்லாம் அந்த 12 நாளுக்குள்ளேயே விழுந்திருந்தது. நான் வாயால் சொல்லியிருந்தால் 'வயது அப்படி' என்று போயிருக்கும். காலண்டரைக் கொண்டுபோய்க் காட்டியதும் டாக்டர் மாத்திரையைப் பிறப்புறுப்பில் வைக்கும் முறைக்கு மாற்றினார். மந்தமும் அழுகையும் குறைந்தன. வெள்ளையாகக் கசிகிறது, மெல்லிய பேடு வைத்துக்கொள்கிறேன். இந்தப் பேரம் எனக்குக் கட்டுப்படியாகிறது.

வேர்க்கடலை ஒவ்வாதவர்கள் அட்டைப்பெட்டியைப் படியுங்கள். சில மாத்திரைகளுக்குள் வேர்க்கடலை எண்ணெய் இருக்கும். மார்பகப் புற்றுநோய், ஈரல் நோய், ரத்தம் உறைந்த வரலாறு ஏதேனும் இருந்தால் முதல் நாளே டாக்டரிடம் சொல்லுங்கள்.

ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தல், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், திடீரெனப் பார்வை மங்கல், பேச்சுக் குழறல், முகமோ உதடோ வீங்குதல்: இவற்றுக்குக் காலண்டர் வேண்டாம், உடனே ஆஸ்பத்திரி. கண் மஞ்சளித்தாலும் அன்றே காட்டுங்கள்.

பிடிக்கவில்லை என்று புரோஜெஸ்டிரோனை மட்டும் நிறுத்திவிட்டு ஜெல்லைத் தொடராதீர்கள். ஈஸ்ட்ரோஜன் தனியாக வேலை செய்தால் கர்ப்பப்பையின் உட்சுவர் தடித்துக்கொண்டே போகும். நாளடைவில் புற்றுநோய் வரை கொண்டுபோகலாம். அதைத் தடுக்கத்தான் இந்த மாத்திரையே. 12 நாள் முடிந்ததும் வரும் உதிரப்போக்கு எதிர்பார்த்ததுதான். இடையில் வந்தாலோ, மிக அதிகமாகப் போனாலோ, தேதியைக் குறித்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள்.