குப்பைமேட்டை அகற்றும் ஒப்பந்தம்: எங்கே சொதப்புகிறோம்?

2021 அக்டோபரில் தூய்மை இந்தியா நகர்ப்புறத் திட்டத்தின் இரண்டாம் கட்டம் தொடங்கியபின், பழைய குப்பைமேட்டை பயோமைனிங் செய்து, அதாவது தோண்டிச் சலித்து வகைபிரித்து, அகற்றும் வேலை சின்ன நகராட்சிகளுக்கும் வந்துவிட்டது. மேட்டைக் கிளறி, காயவைத்து, டிராமல் எனும் சுழலும் உருளைச் சல்லடையில் சலிப்பது பெரிய வித்தை இல்லை. தகராறு வருவதெல்லாம் பில் போடும்போதுதான்.

டிரோன் சர்வே மேட்டின் மேல்பரப்பைத்தான் காட்டும். அடியில் பழைய பள்ளம் இருந்தால் அதற்குத் தெரியாது. அப்புறம் அடர்த்தி. சர்வே தருவது கன மீட்டர், பில் போடுவதோ டன்னில். 1 லட்சம் கன மீட்டர் குப்பையை, கன மீட்டருக்கு 0.6 டன் என்று வைத்தால் 60,000 டன், 0.8 என்றால் 80,000. நடுவில் உள்ள 20,000 டன் யார் தலையில்? டெண்டருக்கு முன்பே சோதனைக் குழி தோண்டிவிடுங்கள். அளவு மாறினால் என்ன ரேட் என்பதையும் எழுதிவிடுங்கள்.

இதைவிடப் பெரிய தவறு, சல்லடைக்குள் போன எடைக்கே முழுப் பணத்தையும் கொடுப்பது. மழை பெய்த மறுநாள் எடைமேடையில் ஏறும் தண்ணீருக்கும் சேர்த்துத்தான் பில். சலித்தாலே காசு என்றால், பிரித்த பிளாஸ்டிக்கும் கந்தல் துணியும் பக்கத்திலேயே இன்னொரு மேடாக நிற்கும். தீப்பிடிக்க ஒரு பீடித்துண்டு போதும். அதை எரிபொருளாக எடுக்கும் சிமென்ட் ஆலை அரியலூரில் இருந்தால், அதுவரை லாரி வாடகை யாருடையது? சலித்த மண்ணில் கன உலோகம் இருக்கக்கூடும். ஆய்வக அறிக்கை இல்லாமல் வயலுக்கு அனுப்பவே கூடாது. ஆகவே தொகையில் கணிசமான பங்கை, பொருள் வெளியே போய்ச் சேர்ந்த ரசீதைப் பார்த்த பிறகே விடுவியுங்கள்.

இந்தூர் மாநகராட்சி 2018 வாக்கில் வேறு வழியில் போனது. டன் கணக்கில் ஒப்பந்தம் விடாமல், இயந்திரங்களை வாடகைக்கு எடுத்து இரண்டு ஷிப்ட் ஓட்டி, சுமார் 13 லட்சம் டன்னை 10 கோடி ரூபாய்க்குள் முடித்தது. ஆனால் தினமும் நின்று மேய்க்க ஆள் இல்லாத ஊரில் இது எடுபடாது.

நகராட்சி பக்கமும் தவறு உண்டு. ஒருபுறம் மேட்டைக் குறைத்துக்கொண்டே இரவில் புதுக் குப்பையை அதே இடத்தில் கொட்டினால், ஒப்பந்ததாரர் கோபப்படுவது நியாயம்தான். எடைச்சீட்டிலும், மழையால் வேலை நின்ற நேரக் குறிப்பிலும் உதவிப் பொறியாளரும் சைட் சூப்பர்வைசரும் அன்றைக்கே கையெழுத்துப் போடட்டும். போனில் பேசிக்கொண்டது தணிக்கையில் நிற்காது. சரியான பில்லை மாதக்கணக்கில் முடக்கியும் வைக்காதீர்கள். டீசலுக்குக் காசில்லை என்றால் வாடகை இயந்திரம் அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடும்.