பழைய கம்பளியில் சால்வை தைக்கும்போது விடக்கூடாத பிழைகள்

யாழ்ப்பாணத்தில் ஏது குளிர் என்பவர்கள், திருவெம்பாவைக் காலத்தில் விடியமுன் கோயில் வீதியில் நடுங்கிக்கொண்டு நிற்கும் வயோதிபர்களைப் பார்க்க வேண்டும். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயலோடு வந்த குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மாடுகள் செத்தன. அப்படியான இரவுகளில் அம்மம்மாவுக்கு ஸ்வெட்டரைவிடத் தோளில் போட்டு முன்னால் பூட்டும் கம்பளிச் சால்வைதான் வசதி. கையை நுழைத்து மல்லுக்கட்டத் தேவையில்லை. அலுமாரியில் கிடக்கும் பழைய போர்வையிலேயே அதைத் தைக்கலாம். ஆனால் தோய்த்து, வெட்டித் தைக்கும் முறையால் பலர் போர்வையின் சூட்டையே கெடுத்துவிடுகிறார்கள். இழைகளுக்குள் அடைபட்டு நிற்கும் காற்றுத்தான் சூடு தருகிறது. இழை இறுகினால் சூடும் குறைந்துவிடும்.

அந்தக் கேடு பெரும்பாலும் தோய்க்கும்போதே நடக்கிறது. முதலில் துணி என்னவென்று அறியுங்கள். ஓரத்தில் இரண்டு இழை உருவி, சாவணத்தால் பிடித்துக் கொளுத்துங்கள். மயிர் பொசுங்கும் மணம் வந்து, சாம்பல் விரலில் நொறுங்கினால் கம்பளி. உருகிச் சுருண்டு, ஆறியதும் கெட்டி மணியாய் நின்றால் பொலியெஸ்டர் போன்ற செயற்கை இழை. கம்பளியைச் சுடுதண்ணீரில் போட்டுக் கசக்கினால் சுருங்கித் தகடாகிவிடும்; பிறகு எதுவும் செய்ய முடியாது. எங்கள் கிணற்றுத் தண்ணீர் வேறு சுண்ணாம்புத் தண்ணீர். சவர்க்காரக் கட்டி போட்டால் நுரைக்காமல் வெள்ளையாகத் திரண்டு இழையில் ஒட்டிக்கொள்ளும். மழைத்தண்ணீர் பிடித்து, கொஞ்சம் ஷாம்பு கரைத்து, அமத்தி அமத்தி அலசுங்கள். முறுக்கிப் பிழிய வேண்டாம். கொடியில் தொங்கவிட்டால் ஈரப் பாரத்தில் இழுபட்டுக் கோணும். நிழலில் பாய் விரித்துப் பரப்புங்கள். இதெல்லாம் கத்தரிக்கோலை எடுக்கமுன் முடிய வேண்டும். வெட்டித் தைத்தபிறகு சுருங்கினால் அளவு போய்விடும்.

அடுத்தது வெட்டு. பழைய போர்வை நடுவில்தான் கூடத் தேய்ந்திருக்கும். யன்னலுக்கு நேரே பிடித்தால் வெளிச்சம் ஊடுருவும் இடம் தெரியும். அந்த இடம் முதுகிலோ தோளிலோ வராதபடி அளவைத் தள்ளி வையுங்கள்; அகலம் நாலு அங்குலம் குறைந்தாலும் பரவாயில்லை. முன்பக்கம் திறக்கும் கோட்டைச் சோக்கால் கீறி, அதன் இரு பக்கமும் ஒரு தையல் ஓடவிட்டபிறகே நடுவில் வெட்டுங்கள். இல்லாவிட்டால் நெய்த போர்வை பிரிந்துகொண்டே போகும். கழுத்துக்குத் தட்டை வைத்து வட்டமாக வெட்டுவது பெரும்பிழை. ஒரு கீறல் மட்டும் விட்டு, போடுபவரின் தோளில் போட்டுப் பார்த்து, அரை அரை அங்குலமாக எடுங்கள். கழுத்து அகன்றுவிட்டால் சால்வை முழுதும் பின்னால் சரியும், நெஞ்சில் குளிர் அடிக்கும்.

மெசினில் 16ஆம் நம்பர் ஊசி போட்டு, தையலை 4 மில்லிமீற்றர் அளவுக்கு நீட்டிவிடுங்கள். சின்னத் தையல் துணியை இழுத்து ஓரத்தை நெளிய வைக்கும். ஓரத்தை இரண்டு மடிப்பு மடிக்கவே வேண்டாம். மூன்று தட்டுக் கம்பளியில் ஊசி முறியும், முறியாவிட்டாலும் ஓரம் பலகைபோல் விறைக்கும். பழைய பருத்திச் சேலையைக் குறுக்காக இரண்டு அங்குலப் பட்டியாக வெட்டி ஓரத்தைச் சுற்றித் தைத்தால் அழகும் வரும், பாரமும் ஏறாது. முழுக்க லைனிங் கொடுப்பது எங்கள் குளிருக்கு வீண்பாரம். கம்பளி அரிக்கும் என்பதால் கழுத்தில் மட்டும் மெல்லிய பருத்தி போதும். அயன் பண்ணினால் ஈரத்துணி மேலே போட்டு மெல்ல வைத்து எடுங்கள். பொலியெஸ்டரில் சூடான அயன் பட்டால் உருகிவிடும்.

விரல் மரத்த வயதில் சின்னத் தெறி பூட்ட முடியாது. பெரிய தெறி ஒன்று, அல்லது முடிச்சுப்போட இரண்டு நாடா வையுங்கள். குஞ்சம் வேண்டாம். அடுப்படியிலும் குத்துவிளக்கடியிலும் அது நெருப்பில் தொங்கும், பொலியெஸ்டர் என்றால் உருகித் தோலில் ஒட்டும். நீளத்தை நிற்கவைத்து அளக்காமல் கதிரையில் இருத்தி அளவெடுங்கள். முழங்காலோடு நின்றால் எழும்பும்போது காலில் தட்டாது.