தோள்மூட்டுச் சத்திரசிகிச்சைக்குக் கொழும்பு வருவோர் கவனத்திற்கு

தோள்மூட்டு ஒருமுறை விலகியவர்களுக்கு, அதிலும் இருபது வயதையொட்டிய இளையோருக்கு, அது திரும்பத் திரும்ப விலகக்கூடியது. மூட்டுக்குழியின் விளிம்பைச் சுற்றியுள்ள நார்க்குருத்தெலும்பு வளையம் முன்புறத்தில் கிழிந்துவிடுவதே பெரும்பாலும் இதற்குக் காரணம். சிறு துளைகளினூடாகக் கமராவையும் கருவிகளையும் செலுத்தி, அந்த வளையத்தை நூல் கோத்த நுண்ணாணிகளால் எலும்போடு இறுக்கிக் கட்டும் பாங்கார்ட் சத்திரசிகிச்சையை, புலம்பெயர் நாட்டில் மாதக்கணக்கில் காத்திராமல், கொழும்பின் தனியார் வைத்தியசாலையொன்றில் விடுமுறையோடு முடித்துவிடலாம் எனப் பலர் எண்ணுகிறார்கள்.

முதலில் நாள்களைக் கணக்கிடுங்கள். சத்திரசிகிச்சை ஓரிரு மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆனால் கட்டிய வளையம் எலும்போடு ஒட்டிக்கொள்வதற்காக நான்கு முதல் ஆறு வாரங்கள் கையைப் பட்டியில் தாங்கியிருக்க வேண்டும், மோதல் விளையாட்டுகளுக்குத் திரும்ப ஆறு மாதமளவில் செல்லும். சுற்றுலா விசாவோ வழமையாக 30 நாள்களுக்கே கிடைக்கிறது. ஆகவே, விசாவை நீடித்து, வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ உறவினர் வீட்டில் ஆறு வாரமாவது தங்கி, ஒரே இயன்மருத்துவரிடம் தொடர்ந்து செல்ல முடியாதவர்கள் இதை இங்கே செய்துகொள்ள வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. விமானத்தில் பெட்டியை மேலே தூக்கி வைக்கும்போது கை உயர்ந்து வெளிப்புறமாகத் திரும்புகிறதே, தோள் முன்னோக்கி விலகுவது பெரும்பாலும் அந்த நிலையில்தான். நெரிசலான பஸ்ஸில் மேல்கம்பியைப் பற்றி நிற்பதும் அத்தகையதே. சத்திரசிகிச்சை முடிந்த கையோடு நீண்ட விமானப் பயணம் செய்தால் காலில் இரத்தம் உறையும் ஆபத்தும் கூடும்.

குறுகிய விடுமுறை என்றால் ஆலோசனையோடு நிறுத்திக்கொள்ளலாம். அரச வைத்தியசாலைகளில் பணியாற்றும் நிபுணர்கள் பலரை மாலை வேளைகளில் தனியார் வைத்தியசாலைகளில் சனலிங் எனப்படும் முன்பதிவு மூலம் சந்திக்க முடியும். எம்.ஆர்.ஐ. படத்தோடு, எலும்பு இழப்பை அளக்க சி.டி. படமும் தேவையா எனக் கேளுங்கள்; குழியெலும்பு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ தேய்ந்திருந்தால் வளையத்தைக் கட்டுவது மட்டும் போதாது, எலும்புத்துண்டொன்றை இடம்மாற்றிப் பொருத்தும் லட்டார்ஷே சத்திரசிகிச்சை தேவைப்படலாம்.

தங்கியிருக்கும் நாள்களில் மூட்டு விலகினால், எவரையும் இழுத்துப் பொருத்த விடாதீர்கள். பாரம்பரிய முறிவு நெரிவு வைத்தியத்தில் நம்மவர்களுக்குள்ள நம்பிக்கையை மதிக்கிறேன். எனினும் எக்ஸ்ரே எடுக்குமுன் இழுத்தால் மறைந்திருக்கும் முறிவு பெரிதாகலாம், நரம்பும் பாதிக்கப்படலாம். 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். கொழும்பு தேசிய வைத்தியசாலையில் விபத்துச் சேவைப் பிரிவு உண்டு. மூட்டைப் பொருத்திய பின் எடுக்கும் எக்ஸ்ரேயையும் கேட்டு வாங்கி, உங்கள் நாட்டு வைத்தியரிடம் கொண்டு செல்லுங்கள்.