பே யன்னல் மேல் ஈயத் தகடு: ஒழுக்கு வரவைக்கும் தவறுகள்

சுவரிலிருந்து வெளியே தள்ளி நிற்கும் பே யன்னலின் ஈயக் கூரை ஒழுகினால் எல்லோரும் முதலில் தகட்டைத்தான் குறை சொல்வார்கள். கழற்றிப் பார்த்தால் அநேகமாக வேறு காரணம் தெரியும்: தகட்டை அசையவிடாமல் இறுக்கியிருப்பார்கள். ஒரு மீற்றர் ஈயம் ஒரு பாகை சூட்டுக்கு 0.029 மி.மீ. நீளும். கொழும்பு வெயிலில் மத்தியானம் தகடு 65 பாகையைத் தொடுவதும், விடியப்புறம் 25க்கு இறங்குவதும் சாதாரணம். 2.4 மீற்றர் அகலமான யன்னல் கூரையை ஒரே தகட்டால் மூடினால், அது ஒவ்வொரு நாளும் கிட்டத்தட்ட 2.8 மி.மீ. நீண்டு சுருங்க வேண்டும். இரும்பைப் போல ஈயம் பழைய இடத்துக்குத் திரும்பாது. நடுவில் புடைக்கும், அந்தப் புடைப்பே திரும்பத் திரும்ப மடிந்து ஒரு நாள் வெடிக்கும்.

ஆகவே பெரிய தகடாக விரிப்பதுதான் முதல் தவறு. ‘மூட்டு இல்லாவிட்டால் ஒழுக்கும் இல்லை’ என்ற கணக்கு கொங்கிரீட்டுக்குச் சரிவரலாம், ஈயத்துக்குச் சரிவராது. பிரித்தானிய அளவில் கோட் 4 தகடு 1.80 மி.மீ., கோட் 5 தகடு 2.24 மி.மீ., கோட் 6 தகடு 2.65 மி.மீ. தடிப்பு. தட்டைக் கூரையில் கோட் 4 துண்டின் அகலம் 500 மி.மீ. ஐயும் நீளம் 1500 மி.மீ. ஐயும் தாண்டக்கூடாது. கோட் 5க்கு அது 600க்கு 2000, கோட் 6க்கு 675க்கு 2250. 2.4 மீற்றர் அகலமும் 75 செ.மீ. வெளித்தள்ளலும் உள்ள கூரைக்கு கோட் 5 இல் நான்கு துண்டுகள், அவை சேரும் இடங்களில் மூன்று மர ரோல்கள் (தலை உருண்ட மரச்சட்டங்கள்) போதும். மடிப்புகளையும் சுவரோடு நிமிர்த்தும் பகுதியையும் சேர்த்தால் 85 கிலோ அளவில் ஈயம் வேண்டும். ஒரு சதுர மீற்றருக்கு 25.4 கிலோ என்று கணக்கெடுங்கள்.

கொழும்பு பழைய சோனகத் தெருவிலோ வேறெங்கோ வாங்கும்போது வேர்னியர் கொண்டுபோய் நீங்களே தடிப்பை அளந்து பாருங்கள். எக்ஸ்ரே அறைச் சுவருக்கென்று வரும் தகடு 1 மி.மீ. இலும் இருக்கும். அதைக் கூரைக்குப் போடக்கூடாது.

அடுத்தது ஆணி. சுற்றிவர ஆணி அடித்தால் தகட்டுக்கு நகர வழியே இருக்காது. 75 செ.மீ. நீளத் துண்டில் ரோல் மேல் ஏறும் அடி மடிப்பை, சுவர்ப்பக்கத்து 25 செ.மீ. க்கு மட்டும், அகலத் தலையுள்ள செப்பு ஆணியால் பிடித்தால் போதும். மிச்சம் சும்மா இருக்கட்டும். கல்வனைஸ் ஆணி கடற்காற்றில் தகட்டுக்கு முன்பே துருப்பிடித்துப் போகும். முன் விளிம்பைக் குறைந்தது 75 மி.மீ. கீழே மடித்து, துண்டுக்கு இரண்டு செப்பு அல்லது ஸ்டெயின்லெஸ் கிளிப் கொடுங்கள். கிளிப் விளிம்பைத் தாங்கினால் போதும், நசுக்கக்கூடாது.

ரோலில்தான் அதிகம் பிழை விடுகிறார்கள். ரோல் என்பது 45 மி.மீ. உயரமான, தலை உருண்ட, அடி ஒடுங்கிய மரச்சட்டம். ஒரு பக்கத்துத் துண்டு அதன் மேல் ஏறி உச்சியைத் தாண்டி நிற்கும், அதுதான் அடி மடிப்பு. மறுபக்கத்துத் துண்டு அதை முழுவதும் மூடி, இறங்கி, தளத்தில் 40 மி.மீ. படியும். இந்த மேல் மடிப்பில் ஆணியோ ஸ்குரூவோ ஒன்றுகூட இருக்கக்கூடாது. அதன் தளர்ந்த விளிம்பு காற்றுக்கு எதிர்ப்பக்கம் பார்க்க வேண்டும். கொழும்பில் மே முதல் செப்டெம்பர் வரை காற்றும் மழையும் தென்மேற்கிலிருந்து அடிக்கும். யன்னல் மேற்குப் பார்த்தால் வேலையை வடக்கு முனையில் தொடங்குங்கள். அப்போது தெற்குத் துண்டு ஒவ்வொரு ரோலிலும் மேலே வரும், விளிம்பு வடக்கே திரும்பும். தெற்கிலிருந்து தொடங்கினால் மழைக்கு வாயைத் திறந்து கொடுத்ததாகிவிடும். மடிக்கும்போது இரும்புச் சுத்தியல் வேண்டாம், கொட்டாப்புளி போதும். ஒரே இடத்தில் தட்டிக்கொண்டிருந்தால் அந்த மூலை கண்ணுக்குத் தெரியாமல் மெலியும், பிறகு வெடிப்பு அங்கேதான் வரும்.

அடியில் என்ன விரிப்பது என்பதும் முக்கியம். தார்ச் சீலை விரித்தால் வெயிலில் இளகித் தகட்டோடு ஒட்டிவிடும், ஆணியடித்ததற்குச் சமம். சதுர மீற்றருக்கு 210 கிராம் அளவான நெய்யாத ஜியோடெக்ஸ்டைல் துணி நல்லது, அதன் மேல் தகடு வழுக்கும். தளம் புதுக் கொங்கிரீட்டாக இருந்தால் நன்றாகக் காய்ந்த பிறகே மூடுங்கள். சீமெந்தின் காரமும் ஈரமும் சேர்ந்தால் ஈயத்தை அரிக்கும். சீமெந்து தொடும் பக்கத்துக்கு பிட்டுமென் மை பூச வேண்டும்.

சுவரோடு 150 மி.மீ. நிமிர்த்திய பகுதியைச் சீமெந்து பூசி மூடுவது இங்கே பரவலாக நடக்கும் வேலை. பூச்சு இறுகினால் தகடும் அகப்படும். சில மாதத்தில் பூச்சு கிளம்பி, அந்த நீக்கலால் தண்ணீர் இறங்கும். சரியான முறை வேறு: சுவரில் 25 மி.மீ. ஆழத்துக்குக் காடி வெட்டி, தனி ஃபிளாஷிங் (மூட்டை மூடும் ஈயப் பட்டை) செருகி, 450 மி.மீ. க்கு ஒரு ஈய ஆப்பு அடித்து, அதை நிமிர்ந்த பகுதியின் மேல் தொங்கவிட வேண்டும். ஃபிளாஷிங்கும் ஒன்றரை மீற்றருக்கு மேல் ஒரே துண்டாக இருக்கக்கூடாது, மேல்படிவு 100 மி.மீ. காடியை அடைக்க வினாகிரி மணம் வீசும் சிலிக்கன் வாங்காதீர்கள். அதிலிருந்து வரும் அமிலம் ஈயத்தைத் தின்னும். நியூட்ரல் என்று எழுதியதைக் கேளுங்கள்.

சரிவு 80க்கு 1. 75 செ.மீ. தூரத்துக்குக் கணக்கில் 9.4 மி.மீ. தான் வரும், ஆனால் 15 மி.மீ. கொடுப்பது புத்தி. பலகை கொஞ்சம் தொய்ந்தாலும் தண்ணீர் சுவரை நோக்கித் திரும்பாது. இதைத் தச்சு வேலை முடிந்ததும் மட்டம் வைத்துப் பார்க்க வேண்டும், தகடு ஏறிய பிறகு திருத்த முடியாது.

புது ஈயத்தில் மழை பட்டால் வெள்ளையாகக் கரைந்து கண்ணாடியிலும் சுவரிலும் வழியும். பற்றினேஷன் எண்ணெயை அன்றைய வேலை முடிந்த கையோடு, மடிப்பு விளிம்புகளின் உள்ளேயும் சேர்த்துப் பூசுங்கள். ஏப்ரல், ஒக்டோபரில் பின்னேர இடிமழை காத்திருக்காது. வெயில் நிற்கும் ஜனவரி, பெப்ரவரியே இந்த வேலைக்குத் தோது. ஈயத்தில் ஓடிய தண்ணீர் சிங்க்-அலுமினியம் பூச்சுத் தகட்டில் விழக்கூடாது, அந்தப் பூச்சு அரிக்கும். குடிக்கவோ சமைக்கவோ சேர்க்கும் தொட்டிக்கும் அந்தத் தண்ணீரைத் திருப்பக்கூடாது.

வேலை செய்பவர் சாப்பிட முன், வெற்றிலை போட முன், சிகரட் பிடிக்க முன் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும். அந்த உடுப்போடு வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளைத் தூக்கக்கூடாது. வெட்டுத் துண்டுகளை முற்றத்தில் விட்டுவிட்டுப் போகவும் கூடாது.

கடைசியில், கொங்கிரீட் தட்டுக்குச் செய்வதுபோல வரம்பு கட்டித் தண்ணீர் தேக்கிச் சோதிக்கிறார்கள். ரோல் மடிப்பு ஓடும் தண்ணீரைத் தடுக்கும், தேங்கிய தண்ணீரைத் தடுக்காது. தண்ணீர் ரோல் உயரத்தைத் தொட்டால் சரியாகப் போட்ட கூரையும் ஒழுகும். குழாயை முன் விளிம்பில் பிடித்துத் தொடங்குங்கள். கால் மணித்தியாலத்துக்கு ஒரு இடமாக ரோல், நிமிர்ந்த பகுதி, ஃபிளாஷிங் என்று மேலே போங்கள். உள்ளே ஒருவர் டோர்ச்சோடு சீலிங்கைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும். எந்த உயரத்தில் ஈரம் தெரிகிறதோ, அந்த இடத்து மடிப்பை மட்டும் திறந்து பார்த்தால் போதும்.