வளையும் இயந்திரங்களுக்கு முப்பரிமாண சிமுலேஷன்: எங்கே தவறுகிறோம்?

காற்றாலை இறக்கை, ரோபோ கை, விண்கலத்தின் நீண்ட சோலார் தகடு எல்லாம் பெரிதாகத் திரும்பும், திரும்பும்போதே வளையவும் செய்யும். இவற்றுக்கு சிமுலேஷன் மென்பொருள் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் சிக்கிக்கொள்வது, அந்தத் திரும்புதலைக் கையாளும் இடத்தில்தான்.

நிலையான கட்டமைப்புகளுக்கு எழுதிய நேரியல் திரிபுச் சூத்திரத்தை (திரிபு என்றால் நீளம் எந்த விகிதத்தில் மாறியது என்ற அளவு; நேரியல் சூத்திரம் சின்ன அசைவுகளுக்கு மட்டுமே பொருந்தும்) அப்படியே கொண்டுவருவது முதல் தவறு. ஓர் எஃகுக் கம்பியைத் துளியும் வளைக்காமல் 10 டிகிரி திருப்புங்கள். உண்மையான திரிபு பூஜ்யம். நேரியல் சூத்திரமோ கொசைன் 10 டிகிரியிலிருந்து 1-ஐக் கழித்து, சுமார் −0.015 என்று சொல்லும். எஃகின் விறைப்பைக் காட்டும் யங் குணகமான 200 ஜிகாபாஸ்கலால் பெருக்கினால் சுமார் 3000 மெகாபாஸ்கல் தகைவு, அதாவது உள்ளே எழும் அழுத்தம்! சாதாரண எஃகு 250 மெகாபாஸ்கலை ஒட்டியே நிரந்தரமாக உருமாறத் தொடங்கிவிடும். சும்மா திரும்பிய கம்பி கணினிக்குள் நசுங்கிப்போகிறது.

இதற்கு வழக்கமான மருந்து, ஒவ்வொரு பாகத்தோடும் கூடவே திரும்பும் அச்சுகளைப் பொருத்தி, வளைவை மட்டும் அங்கிருந்து அளப்பது. நல்ல வழிதான். ஆனால் வேகமாகச் சுழலும் இறக்கையில் இதுவும் காலை வாரிவிடும். மையவிலக்கு விசை இறக்கையை வெளிப்பக்கம் இழுப்பதால் அதன் விறைப்பு கூடவேண்டும். அந்தக் கூடுதல் விறைப்பைச் சமன்பாட்டில் விட்டுவிட்டால், வேகம் ஏற ஏற இறக்கை தளர்ந்துகொண்டே போய், ஒரு கட்டத்தில் வளைவு எல்லையில்லாமல் பெருகும். கேன், ரயான், பானர்ஜி என்ற மூன்று ஆய்வாளர்கள் 1987-லேயே இதைக் காட்டிவிட்டார்கள்.

அப்புறம் கோணங்கள். பொருள் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதை மூன்று ஆய்லர் கோணங்களை (மூன்று அச்சுகளைச் சுற்றி அடுத்தடுத்துத் திருப்பும் அளவுகள்) வைத்து எழுதினால், ஏதோ ஒரு நிலையில் இரண்டு அச்சுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கணக்கு நின்றுபோகும். சுழற்சியை நான்கு எண்களால் குறிக்கும் குவாட்டர்னியனுக்கு மாறினால் அது தீரும். ஆனால் குவாட்டர்னியனின் நீளம் 1-ஆகவே இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இதைவிட மோசமானது, கம்பியின் ஒரு துண்டில் இரு முனைகளின் சுழற்சிகளைச் சாதாரண வெக்டர்போல் எடுத்து நடுவில் சராசரி பார்ப்பது. முப்பரிமாணத்தில் சுழற்சிகளின் வரிசையை மாற்றினால் விடையும் மாறும். கிறிஸ்ஃபீல்ட், யெலெனிச் என்ற இரு ஆய்வாளர்கள் 1999-இல் சுட்டிக்காட்டியது இதன் விளைவைத்தான்: வளைந்த கம்பியை மொத்தமாகத் திருப்பினாலே திரிபு மாறிவிடும். சோதிப்பது சுலபம். வளைந்த கம்பியை அப்படியே வேறு திசைக்குத் திருப்பி, திரிபு ஆற்றல் ஒரு துளிகூட மாறவில்லையா என்று பாருங்கள்.

பாகங்கள் இணையும் மூட்டுகளில், அவை பிரியக்கூடாது என்ற கட்டுப்பாட்டை முடுக்க அளவில் மட்டும் விதித்தால், நேரம் போகப்போக ஊசிகள் துளையிலிருந்து நகர்ந்துவிடும். இடப் பிழையையும் வேகப் பிழையையும் சமன்பாட்டிலேயே சேர்த்து அடக்கும், பாம்கார்ட் 1972-இல் தந்த திருத்தமோ, ஒவ்வொரு படியிலும் இடத்தைச் சரிசெய்வதோ கட்டாயம் வேண்டும். நேரப் படியிலும், அதாவது கணக்கு ஒவ்வொரு முறையும் தாவும் நேர இடைவெளியிலும், கவனம் தேவை. எஃகில் அலை வினாடிக்குச் சுமார் 5000 மீட்டர் ஓடும். 1 சென்டிமீட்டர் துண்டுகளாகப் பிரித்தால் இப்போதைய நிலையிலிருந்தே அடுத்ததை நேரடியாகக் கணிக்கும் வெளிப்படை முறைக்கு 2 மைக்ரோவினாடிதான் உச்சவரம்பு. அடுத்த நிலையைச் சமன்பாடு தீர்த்துக் கண்டுபிடிக்கும் உள்ளுறை முறையில் பெரிய படி வைக்கலாம், ஆனால் எண்ணியல் தணிப்பை (கணக்குமுறையே அதிர்வை அடக்குவது) கூட்டி வைத்தால் உண்மையான அதிர்வும் சேர்ந்தே செத்துப்போகும். வரைபடம் வழவழப்பாக இருப்பதைப் பார்த்து நம்பிவிடாமல், மொத்த ஆற்றலையும் வரைந்து பாருங்கள்.

கடைசியாக ஒரு சோதனை. ஒரு முனை பொருத்தப்பட்ட நேரான கம்பியின் மறுமுனையில், வளைவு விறைப்பை நீளத்தால் வகுத்து 2 பை மடங்கு வளைக்கும் திருப்புத்திறன் கொடுத்தால், அது சரியாக ஒரு முழு வட்டமாகச் சுருள வேண்டும். இதைக் கிடைத்தளத்தில் ஒருமுறை, சாய்ந்த தளத்தில் ஒருமுறை ஓட்டுங்கள். முதலாவது சரியாகி இரண்டாவது தவறினால், கோளாறு சுழற்சியைக் கையாளும் நிரல் பகுதியில் இருக்கிறது.